ஒரே ஒரு பழத்துக்கு அனுமதி

எனக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. எடுத்த நாளிலிருந்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் தூங்குகிறது. அதில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. அதனால் என் பயணங்கள் எல்லாம் அடுத்தவர்களின் பயணங்களுக்கு வால் பிடித்தே நடக்கும். ஏர்போர்ட்டில் கொண்டு விடுவது, கூட்டி வருவது, பெட்டி தூக்குவது, அழுகிறவர்களுக்குக் கர்ச்சீப் கொடுப்பது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கிற முழுநேர உத்தியோகம் இதுதான்.

இந்த ஜூனில் கிடைத்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. என் அத்தானைக் காவல் காக்க வேண்டும், அவர் பழம் தின்றுவிடாமல்.

ரசல் அத்தான் என் பியூலா அக்காளின் புருஷன். வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். அவருக்கு லீவு எப்போதும் டிசம்பரில்தான் கிடைக்கும். கேக் தின்பார், கேரல் பாடுவார், அவருடைய அப்பாவின் கல்லறையில் பூ வைப்பார், போய்விடுவார். டிசம்பர் என்றால் எங்கள் ஊரில் மாமரமும் பலாவும் இலையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற மாதம். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக இந்த வருஷம் பழக்காலத்தில் வந்து இறங்கினார். கூடவே அவர் ரத்தத்தில் சர்க்கரையும் வந்து இறங்கியிருந்தது.

திரும்பிப் போனதும் ரத்தப் பரிசோதனை உண்டு என்று கம்பெனி சொல்லி அனுப்பியிருந்தது. சர்க்கரை அடங்கியிருந்தால் டிரெய்லர் சாவி. அடங்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். இங்கே அவர் வந்து தங்குகிற எங்கள் வீட்டில், அவர் பணத்தில் கட்டுகிற மாடி பாதியில் நிற்கிறது. கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கம்பிகளைக் காட்டித்தான் அக்கா பேசினாள்.

"போறதுக்கு முன்ன ஒரே ஒரு பழம் தின்னலாம். எதுண்ணு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க. ரெண்டாவது ஒண்ணத் தொட்டியண்ணா பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சிருவேன்."

"ஒளிச்சு வச்சா கொள்ளாமே," என்றார் அத்தான், ரொம்ப நல்லதாயிற்று என்கிற மாதிரி.

அக்கா அதைக் கேட்காத மாதிரி என் பக்கம் திரும்பினாள். "லேய் சஜினே, நீயும் கூடப் போ. உனக்க கண்ணு அவருக்க வாயிலயே இருக்கணும்."

எந்தப் பழம் என்பதற்கு அத்தான் யோசிக்கவே இல்லை. "அயினிச்சக்கை," என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் சக்கை என்பது பலா. அயினி அதற்குக் காட்டில் பிறந்த தங்கச்சி. பழம் கைக்குள் அடங்கும், மேலெல்லாம் மெல்லிய முள், உள்ளே விரல்நுனி அளவில் ஆரஞ்சு நிறச் சுளைகள். மரம்தான் வம்பு. தென்னைக்கு மேல் இன்னொரு தென்னையை நிறுத்தினாற்போல் உயரம். கதவுக்கும் வாசல்நிலைக்கும் அதைப்போல் தடி கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் முதலில் சாய்ந்தது அயினிதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அத்தானுக்கு விமானம். கையில் இருந்தது வியாழனும் வெள்ளியும் சனியும்.

முதல் நாள் மார்த்தாண்டம். மேம்பாலத்துக்கு அடியில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் பிடிப்பதற்குள் விசாவே வாங்கிவிடலாம். சந்தைக்குள் நுழைந்தால் மட்டியும் செந்துளுவனும் ஏத்தனுமாக வாழைக்குலைகள் சுவருக்குச் சுவர் சாய்ந்து நின்றன. மாம்பழக் குவியல் முன்னால் அத்தான் குந்தி உட்கார்ந்தார். ஒரு செங்கவருக்கை மாம்பழத்தை எடுத்துத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"என்னத்த அத்தான் தேடுதிய?"

"ஸ்டிக்கர்."

அங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு பழத்தின்மேலும் எந்த நாடு என்று ஸ்டிக்கர் இருக்குமாம். நாடு பார்த்து, விலை பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருவாராம். பழம் விற்கிற அம்மா சிரித்தாள். "இதுக்கு ஸ்டிக்கர் இல்ல மக்கா. காம்புல பால் வடிஞ்ச கறை இருக்கு, அதப் பாத்துக்கோ."

அத்தான் அந்தக் கறையை முகர்ந்தார். பழம் வாய்க்குப் பக்கத்தில் போனதும் நான் கையைக் குறுக்கே நீட்டினேன். என் கையில் பழத்தை வைத்தார்.

"நீ தின்னு."

வேலை இவ்வளவு சுகமானது என்று அக்கா சொல்லவே இல்லை. தின்றேன்.

"எப்பிடி இருக்கு?"

"இனிக்கு."

"இனிக்குண்ணா?"

"இனிக்குண்ணா இனிக்கு. புளிக்கல்ல."

"பஞ்சாரைச் சீனியும் இனிக்கும்லே. இருமல் மருந்தும் இனிக்கும். நான் மாம்பழத்தப் பற்றிக் கேக்குகேன். நல்லாச் சொல்லு."

பழக்கார அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "படிப்பு கம்மி போல," என்றாள் பக்கத்துக் கடைக்காரியிடம், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

மானம் போகிற விஷயம். இன்னொரு கடி கடித்து, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். "தோலுக்குப் பக்கத்துல பெயிண்ட் அடிச்ச வீட்டுக்க வாசம். பல்லு இறங்கும்போ முதல்ல ஒரு சின்னப் புளிப்பு குறுக்க நிக்கி. ஆரு நீண்ணு கேக்குத மாதிரி. பொறவு வழி விடுகு. கொட்டைக்குப் பக்கத்துல போனா புளிப்பே இல்ல. அங்க ஆளே வேற."

கண்ணைத் திறந்தேன். அத்தான் மூடியிருந்தார். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"கொள்ளாம்," என்றார். "அடுத்து மட்டி."

அன்று நான் தின்றது ஒரு குடும்பத்துக்குப் போதும். மட்டியைப் பற்றி, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட கைக்குழந்தையின் கழுத்து வாசம் என்று சொன்னேன். அது அவருக்குப் பிடித்தது. செந்துளுவனைப் பற்றி, பணக்காரன் மாதிரி தோல் தடிமன், உள்ளே போனால் ஆள் பரவாயில்லை என்று சொன்னேன். அதற்குச் சிரித்தார். ஒரு சுளை, ஒரு துண்டு, ஒரு நுனிகூட அவர் கேட்கவில்லை. கேட்பார் என்றுதான் நான் காத்திருந்தேன். மறுத்து விளையாடலாமே என்று. அவர் கேட்காதது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அயினிச்சக்கையைப் பற்றி விசாரித்தபோது சந்தையே சிரித்தது. "அது சந்தைக்கு வராது பிள்ள," என்றார் ஒரு வியாபாரி. "பழுத்தா பாதி வழியில பிய்ஞ்சு போவும். மரத்துக்க அடிமூடுதான் அதுக்குக் கடை."

இரண்டாம் நாள் குலசேகரம். அத்தானோடு வளைகுடாவில் ஒரே அறையில் இருந்த ஸ்டான்லி அண்ணன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வயசான ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு ரம்புட்டான் வைத்திருக்கிறார். அவருடைய தோட்டத்தில் அயினி நிற்கலாம் என்று ஒரு நினைப்பு.

அயினி இல்லை. அது அவர் வீட்டு முன்வாசல் கதவாக நின்றது. நல்ல பாலிஷ். ஆனால் ரம்புட்டான் மரங்கள் எல்லாம் உச்சி முதல் மூடு வரை பச்சை வலைக்குள் இருந்தன, முக்காடு போட்டு உட்கார்ந்த பெண்கள் மாதிரி. வலைக்குள்ளே சிவப்புச் சிவப்பாகப் பழங்கள். ஸ்டான்லி அண்ணனின் மனைவி ஒரு தட்டு நிறைய ரம்புட்டான் கொண்டுவந்து வைத்தார்.

"இது உங்க மரத்துல உள்ளதா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. ரோட்டுல வாங்கினது."

நான் தட்டைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். ஸ்டான்லி அண்ணன் விளக்கினார். "பூத்த உடனே மரத்தோட விலை பேசியாச்சு. கேரளாக்காரன் வந்து வலை போட்டான். இனி பறிச்சு முடியது வரை அது அவனுக்க மரம். எனக்க மண்ணுல நிக்கி, எனக்க வெள்ளம் குடிக்கி, அவ்வளவுதான் எனக்கு."

மரத்தில் ஏணி சாய்த்து ஒருவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். விழுகிற பழம் யாருக்கு என்று கேட்டேன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "வலைக்குள்ளே உள்ளது முதலாளிக்கு. வலைக்கு வெளியே விழுவது வீட்டுக்காரருக்கு. இரண்டையும் பார்த்துப் பெருமூச்சு விடுவது வௌவாலுக்கு." வலையை அப்படிக் கட்டியிருந்தார்கள், வெளியே ஒரு இலைகூட விழவில்லை. நான் களைத்தவன் மாதிரி போய் மரத்தில் கொஞ்சம் பலமாகச் சாய்ந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, அது தூண் இல்லை," என்றார்.

ரோட்டில் வாங்கின ரம்புட்டானை உரித்தேன். அத்தான் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தோலு தலைமுடி வெட்டாத பய மாதிரி," என்று தொடங்கினேன். "உரிச்சா அவிச்ச முட்டை. வாயில போட்டா முதல்ல குளிர்ச்சி, இனிப்பு பொறவுதான் வருகு, லேட்டாத்தான் வருகு. ஆனா சதை கொட்டைய விடமாட்டேங்கு. மாமியார் வீட்டுல வந்து ஒட்டிக்கிட்ட மருமகன் மாதிரி."

அத்தான் என் தலையில் ஒன்று போட்டார். ஸ்டான்லி அண்ணன் சிரித்து ஓய்ந்தார். பிறகு அத்தான் கேட்டார், சும்மா கேட்கிற மாதிரி.

"வந்தது நல்லதாப் போச்சா, ஸ்டான்லி?"

ஸ்டான்லி அண்ணன் வலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அங்க மரமும் இல்ல, பழமும் இல்ல. இஞ்ச மரம் உண்டு, பழம் இல்ல. வலைக்கு இந்தப் பக்கம் நிண்ணு பாக்கவாவது செய்யலாம் இல்லியா. அந்த மட்டுக்கும் நல்லதுதான்."

அத்தான் தலையாட்டினார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது ஸ்டான்லி அண்ணனுக்காக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு மாடிக் கம்பிகள் ஞாபகத்துக்கு வந்தன. அத்தான் பழத்தைத்தான் தேடுகிறாரா என்று முதல்முறையாகச் சந்தேகப்பட்டேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. எங்கள் மலையோர மழைக்குத் தொடக்கமும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. ரப்பர் தோட்டத்து நடுவில் ஸ்கூட்டர் இருமி, தும்மி, படுத்துவிட்டது. இருவரும் தள்ளினோம்.

"அங்க பதினெட்டு வீல் ஓட்டுத ஆளு, இஞ்ச ரெண்டு வீல் தள்ளுகாரு," என்றேன்.

"அங்க ஏசி உண்டுலே. ரோடு நேரே கிடக்கும், ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி. ரெண்டு பக்கமும் ஒரு மரம் இருக்காது. ஓட்டி ஓட்டி, சில நேரம் கண்ணுக்கு முன்ன பச்சையாட்டு ஏதோ தெரியும். சிக்னல் லைட்டா இருக்கும்."

மழை அவர் மூக்கிலிருந்து சொட்டியது. துடைக்கவில்லை. இதற்கு ஒரு கிண்டல் என்னிடம் தயாராக இருந்தது. சொல்லாமல் தள்ளினேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஸ்கூட்டர் மெக்கானிக் கையில் இருந்ததால் கீரிப்பாறைக்குப் பஸ்ஸில் போனோம். காட்டோரத்தில் அயினி நிற்கும் என்று ஸ்டான்லி அண்ணன் சொல்லியிருந்தார். வழியில் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே விளைந்த கைதச்சக்கையை, அதாவது அன்னாசியை, ரோட்டோரம் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றார்கள். வாங்கித் தின்றுவிட்டு, "முதல்ல நாக்கக் கிள்ளுகு, பொறவு தடவிக் குடுக்கு, அக்கா மாதிரி," என்று அறிக்கை கொடுத்தேன். "உனக்க அக்காளுக்கு ரெண்டாவது பாதி வராதுலே," என்றார்.

அரசு ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் மரம் நின்றது. சந்தேகமே இல்லை, அயினி. கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தோம். உச்சியில், ஆகாயத்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சு நிறத்தில் பழங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து மஞ்சாடி முத்து அளவுக்குத் தெரிந்தன. அணில் ஒன்று எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தின்றுகொண்டிருந்தது.

"அத்தான், மேல போய் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வரட்டா?"

அந்தப் பக்கமாக வந்த காட்டுக் காவலர் மரியாதையாகச் சொன்னார். காட்டு மரம், ஏறக்கூடாது, விழுந்ததையும் எடுக்கக்கூடாது. எடுக்கும்படியாகவும் எதுவும் இல்லை. அந்த உயரத்திலிருந்து விழுந்தவை எல்லாம் உடைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. அத்தான் ஒன்றுக்குப் பக்கத்தில் குனிந்து, தொடாமல், நெடுநேரம் வாசம் பிடித்தார். எழுந்தபோது கணுக்காலில் ஒரு அட்டை உப்பிப்போய்த் தொங்கியது.

"விடுங்க அத்தான். பாவம், அதுக்கும் சுகர் வரப்போவு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "வா போவலாம்," என்றார். அந்தக் குரலில் நாளை ஏறப்போகிற விமானம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அளவு டேப். ஜன்னலுக்கு வெளியே மரங்களையே பார்த்து வந்தார், சிலர் போகிற வழியில் பெண்களைப் பார்க்கிற மாதிரி, அடி முதல் நுனி வரை. நாங்கள் அயினி அயினி என்று பேசுவதைக் கேட்டுத் திரும்பினார்.

"தடிக்கா?"

"பழத்துக்கு," என்றேன்.

"பழமா!" அவருக்கு அந்த மரத்தில் பழம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது போல. தடி வியாபாரியாம். இந்த ஜில்லாவில் வெட்டாமல் நிற்கிற அயினி ஒவ்வொன்றையும் தெரியுமாம். விலை கேட்டுக் காத்திருப்பதுதான் அவர் தொழில். எங்கள் ஊரைச் சொன்னதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"உங்க ஊர்ல கோயிலுக்குப் பொறத்தால, கல்லறைத் தோட்டத்துல, மதிலுக்க ஓரமா ஒண்ணு நிக்கே! முப்பது கதவு வரும் அதுல. எத்தனை வருசமாட்டு கேக்குகேன். கமிட்டிக்காரங்க தரமாட்டோம்னு சொல்லுகினும். கல்லறை இடிஞ்சு போவுமாம்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன்.

அந்த மரத்துக்குக் கீழேதான் அவருடைய அப்பாவின் கல்லறை. ஒவ்வொரு டிசம்பரிலும் பூ வைக்கக் குனிந்திருக்கிறார். டிசம்பரில் அது வெறும் பெரிய மரம். மற்ற நாட்களில் ஊரார் யாரும் அங்கே நிமிர்ந்து பார்ப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் விளைந்ததைத் தின்னக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தின்னக்கூடாத மரத்துக்குப் பேர் எதற்கு? ஒருத்தரும் அதை அயினி என்று சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, போனோம். மழை விட்டிருந்தது. கல்லறைகளுக்கு நடுவே ஈரச் சருகுகளைக் கூட்டிக்கொண்டு நின்றார் ஆபரணம் மாமா. கோயிலில் மணி அடிப்பது, பெருக்குவது, விளக்குப் போடுவது எல்லாம் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார்.

"ஒண்ணு கிடக்கு," என்றார். "இண்ணு காலைல காத்துல விழுந்தது. நனைஞ்ச சருகுமேல விழுந்ததுனால பொட்டல்ல, சிதறல்ல. வௌவாலும் கடிக்கல்ல, நல்லாப் பாத்தாச்சு. உள்ள எடுத்து வச்சிருக்கேன்."

அத்தானின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"தாங்க மாமா."

"தரமாட்டேன். கோயில் மண்ணுல விழுந்தது கோயிலுக்கு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு ஏலம். அங்க வந்து எடுத்துக்கோ."

எங்கள் கோயிலில் அது வழக்கம். வீட்டில் முதலில் பழுத்த குலை, முதல் தேங்காய், கோழியிட்ட முட்டை என்று ஆட்கள் காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே மண்டபத்தில் வைத்து ஏலம் போடுவார்கள்.

"கல்லறையில விழுந்ததை ஆரு மாமா ஏலத்துல எடுப்பா?"

"எங்க விழுந்ததுண்ணு நான் பறயமாட்டேன். நீயும் பறயாத," என்றார் ஆபரணம் மாமா, சிலுவை நட்ட ஒரு கல்லறைமேல் வசதியாகச் சாய்ந்துகொண்டு.

மறுநாள் ஆராதனையில் பிரசங்கம் எதைப் பற்றி என்று என்னைக் கேட்காதீர்கள். அத்தானையும் கேட்காதீர்கள்.

ஏலத்துக்கு ஒரு மட்டிக்குலை, ஒரு சேனைக்கிழங்கு, ஒரு சேவல், கடைசியில் ஒரு வாழையிலைத் துண்டின்மேல் அந்த அயினிச்சக்கை. ஏலம் கூப்பிட்டவர் அதைத் தூக்கிக் காட்டியதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வயசானவர்களுக்கு அது என்னவென்று தெரிந்தது. சின்னவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் முதல் ஆளாகக் கை தூக்கினார். தவறு அங்கேதான். எங்கள் ஏலத்தில் ஒருவனுக்கு ஒரு பொருள்மேல் ஆசை என்று தெரிந்துவிட்டால் ஊரே சேர்ந்து விலையை ஏற்றும். பகை ஒன்றுமில்லை, பாசம்தான். பணம் போவது கோயிலுக்குத்தானே.

"லேய், கல்ஃப்காரனுக்கு ஆசை வந்தாச்சு. விட்டுருவோமா?" என்று இரும்புக்கடை டென்னிசன் அண்ணன் தொடங்கினார்.

அத்தான் ஏற்றினார். டென்னிசன் அண்ணன் ஏற்றினார். பழம் ஒரு மட்டிக்குலையின் விலையைத் தாண்டியது. கூட்டம் சிரித்தது. சேவலின் விலையைத் தாண்டியது. கை தட்டினார்கள். ஆட்டுக்குட்டியின் விலைக்குப் பக்கத்தில் போனபோது அத்தான் கையை இறக்கிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் இறக்கினார். ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரிந்தது. மதிலுக்கு அப்பால், எங்கள் வீட்டு மாடிக் கம்பிகள் அங்கிருந்து தெரியும்.

டென்னிசன் அண்ணனுக்கே சங்கடமாகிவிட்டது. "ஏ ரசலு, கூப்பிடு மக்கா, சும்மா விளையாட்டுக்குத்தானே," என்றார். அத்தான் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் என் பையைத் தடவிப் பார்த்தேன். அதில் ஒரு கர்ச்சீப்தான் இருந்தது.

"ஒரு தரம்," என்றார் ஏலம் கூப்பிட்டவர். "ரெண்டு தரம்."

"அதுக்கு மேல," என்று பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அக்கா. தலையில் முக்காடு, கையில் வேதபுத்தகம். யாரையும் பார்க்காமல், ஏலம் கூப்பிட்டவரை மட்டும் பார்த்துக்கொண்டு விலையைச் சொன்னாள். ராத்திரி புருஷனை விமானம் ஏற்றப் போகிற ஒருத்தியின்மேல் விலை ஏற்றுகிற ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. டென்னிசன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பழத்தை வாழையிலையோடு வாங்கிக்கொண்டு வந்து அத்தான் கையில் வைத்தாள். "ஒண்ணுதான் பறஞ்சேன். அது இதுதான்," என்றாள். குரலில் அதட்டல் இருந்தது. கண்ணில் இல்லை.

அத்தான் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் போய் உட்கார்ந்தார். முள்தோலை நகத்தால் கீறி, பைய உரித்தார். சுளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. முதல் சுளையை அக்காவுக்கு நீட்டினார். "நீங்க தின்னுங்க முதல்ல," என்றாள். வாயில் போட்டார். கொட்டையை உடனே துப்பவில்லை. கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அது போவது தெரிந்தது. மேலே மரம் காற்றில் அசைந்து, தேங்கிய மழையைச் சொட்டியது.

மூன்று நாள் என்னைப் படுத்திய பாட்டுக்கு இதுதான் நேரம். முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுங்க அத்தான். எப்பிடி இருக்கு?"

அவர் யோசித்தார். வாயைத் திறந்தார், மூடினார். அக்காவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அவருடைய அப்பாவின் பேர் எழுதிய கல்லைப் பார்த்தார்.

"இனிக்குலே," என்றார்.

பஞ்சாரை, இருமல் மருந்து, படிப்பு கம்மி, எல்லாம் என் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஏர்போர்ட் வரை வைத்து ஓட்டியிருக்கலாம். அவர் நீட்டிய சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இனிக்கத்தான் செய்தது.

போன வாரம் போன் வந்தது. நான் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"டெஸ்ட் பாஸ் ஆயாச்சுலே," என்றார் அத்தான். நான் பாலிடெக்னிக்கில் பெயிலான செய்தியை வீட்டில் சொன்னபோது என் குரல் அப்படித்தான் இருந்தது. "சாவி தந்தாச்சு. அடுத்த லீவு டிசம்பர்னு சொல்லுகான்."

"அக்கா நாளையிலேருந்து மாடிக்கு ஆள் சொல்லியாச்சு," என்றேன்.

அந்தப் பக்கம் லாரிகள் போகிற இரைச்சல்.

"அங்க மழையா?"

"இப்போதான் விட்டுது."

"கையில என்ன வச்சிருக்க?"

அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "மட்டிப்பழம்," என்றேன்.

"உரி."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"இருங்க அத்தான், அவசரப்படாதிய," என்றேன். "முதல்ல தோலுல இருந்து தொடங்குகேன்."